ஒரு சாக்கடையின் 380 கோடி டாலர் கணக்கு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டனையும் சேர்த்து 43 ஊர்களின் கழிவுநீர் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. துறைமுகத்தின் வாயிலில் இருக்கும் டீர் தீவு அது. சுமார் 23 லட்சம் மக்கள், 5,000க்கும் மேற்பட்ட தொழில், வணிக நிறுவனங்கள். நாளொன்றுக்குச் சராசரி வரத்து 35 கோடி கேலன், அதாவது 132 கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் அதோடு இணைந்த சுரங்கங்களையும் கட்டி முடிக்க ஆன செலவு 380 கோடி டாலர். தலைக்கு வகுத்தால் சுமார் 1,650 டாலர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 6,600 டாலர். வாங்கிய கடனுக்கான வட்டி இதில் சேரவில்லை.

ஒரு வட்டாரம் தன் சாக்கடைக்கு இவ்வளவு பெரிய தொகையைச் செலவிட்டது சரியா என்று கேட்டால், சரி என்றே சொல்வேன். ஆனால் அதில் கணிசமான பகுதியை அந்த மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேரேட்டைப் பழைய பக்கங்களிலிருந்து புரட்டினால்தான் அது புரியும்.

தள்ளிப்போட்ட ஆண்டுகள்

பாஸ்டன் தன் கழிவைக் கடலில் விடுவதற்கு ஒரு முறையான ஏற்பாட்டை 1884இல் முடித்தது. துறைமுகத்திலுள்ள மூன் தீவில் கருங்கல் தொட்டிகள். கொள்ளளவு 5 கோடி கேலன், ஏறக்குறைய 19 கோடி லிட்டர். கழிவு முழுவதையும் அங்கே தேக்கி வைத்து, ஓதம் இறங்கத் தொடங்கியதும் மதகைத் திறந்துவிடுவார்கள். இறங்கும் நீர் அதை வெளியே இழுத்துச் செல்லும் என்பது திட்டம். அந்தக் காலத்துக்கு அது நல்ல பொறியியல்தான். அடுத்த ஓதத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

1952இல் நட் தீவிலும் 1968இல் டீர் தீவிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இரண்டிலும் முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே: கழிவைத் தொட்டியில் நிறுத்தி, கனமானதைப் படியவிட்டு, மேல்நீரில் குளோரின் கலந்து கடலில் விடுவது. அடியில் படிந்த கசட்டைப் பிரித்து, செரிக்கவைத்து, கடைசியில் அதையும் ஓதம் இறங்கும்போது அதே துறைமுகத்தில் கலந்தார்கள். பாடுபட்டுப் பிரித்ததை மறுபடியும் அதே தண்ணீரில் சேர்க்கும் இந்த வேலை 1991 டிசம்பர் வரை நடந்தது. பம்புகள் பழுதாகி நின்ற நாட்களில் கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமலே கடலுக்குப் போனது.

1972இல் அமெரிக்க மத்திய அரசு தூய நீர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நகராட்சி நிலையங்கள் அனைத்தும் 1977க்குள் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்புக்கு, அதாவது கரைந்த மாசை நுண்ணுயிர்களைக் கொண்டு எடுக்கும் முறைக்கு, வந்தாக வேண்டும். கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசே மானியமாகத் தரும். நாடு முழுவதும் நகரங்கள் இந்தப் பணத்தை வாங்கி நிலையங்களைக் கட்டின. 1977இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: ஆழ்கடலில் கழிவை விடும் ஊர்கள் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். பாஸ்டன் வட்டாரத்தின் சாக்கடையை அப்போது நிர்வகித்த பெருநகர ஆணையம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டு 1979இல் விண்ணப்பம் போட்டது. 1983இல் முதல் மறுப்பு. 1985இல் இறுதி மறுப்பு.

விலக்கு கேட்டதையே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் தன் பாயின்ட் லோமா நிலையத்துக்கு அதே பிரிவின் கீழ் விலக்கு வாங்கியது. அங்கே கழிவுநீர் திறந்த பசிபிக் கடலின் ஆழத்துக்குப் போகிறது. பாஸ்டன் நிலையங்களோ சராசரி ஆழம் குறைந்த, தீவுகளால் மூடப்பட்ட ஒரு துறைமுகத்துக்குள் கழிவை விட்டுக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் இருந்துகொண்டு ஆறு ஆண்டுகள் பதிலுக்காகக் காத்திருந்ததில்தான் பணம் போயிற்று. 1981இல் நாடாளுமன்றம் மானிய விகிதத்தை 55 சதவீதமாகக் குறைக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 1987இல் கட்டுமான மானியத் திட்டத்தையே படிப்படியாக மூடி, அந்த இடத்தில் மாநிலக் கடன் நிதியை வைத்தது. கொடையாக வந்திருக்க வேண்டியது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக மாறிப்போனது.

380 கோடியில் 75 சதவீதம் 285 கோடி டாலர். இதை அப்படியே இழப்பு என்று எழுதிவிட முடியாது. 1970களின் விலையில் கட்டியிருந்தால் மொத்தத் தொகையே மிகக் குறைவாக இருந்திருக்கும். 1980களில் நிலைமை மோசமானதால் சேர்க்க வேண்டிவந்த வேலைகளும் உண்டு. ஆனாலும் போக்கு தெளிவு. நான்கில் மூன்று பங்கை மற்றவர் தரும் காலத்தில் கட்டாமல், பெரும்பங்கைத் தானே தர வேண்டிய காலத்தில் கட்டினார்கள். நிலையம் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், 2010களில்கூட, நிர்வாக அமைப்பின் ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கும் வட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் சாக்கடைக் கட்டணம்தான் அதைத் தாங்கியது.

கடற்கரையில் தொடங்கிய வழக்கு

துறைமுகத்தின் தெற்கே குவின்சி என்ற ஊர். நகராட்சியின் சட்ட ஆலோசகராக இருந்த வில்லியம் கோல்டன் 1982இல் ஒரு நாள் காலை வொல்லாஸ்டன் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, மணலில் மனிதக் கழிவு ஒதுங்கிக் கிடப்பதைக் கண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் குவின்சி நகரம் வழக்குப் போட்டது. மாநில நீதிபதி பால் கேரிட்டி 1984இல் புதிய சாக்கடை இணைப்புகளுக்கே தடை போட்டார். கட்டடத் தொழில் நின்றுவிடும் என்ற அச்சம் வந்த பிறகுதான் சட்டமன்றம் அசைந்தது; அந்த டிசம்பரில் மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையம் உருவானது. மத்திய நீதிமன்றத்தில் டேவிட் மஸோனே என்ற நீதிபதி 1985இல் தூய நீர்ச் சட்டம் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று கால அட்டவணையும் போட்டார். 2004இல் இறக்கும் வரை அந்த வழக்கை அவர் கையிலேயே வைத்திருந்தார். ஆணையம் முறையாக அறிக்கை தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அட்டவணை நழுவாமல் நின்றதற்கு இந்த ஒரு மனிதரின் விடாப்பிடி பெரிய காரணம் என்பேன்.

1988 அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ் இந்தத் துறைமுகத்தில் படகில் சென்று, மாநில ஆளுநராக இருந்த எதிர்வேட்பாளர் டுகாகிஸைச் சாடினார். அதற்குள் வேலைக்கான திட்டம் வரையப்பட்டுவிட்டது.

தீவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு, அதை விட்டுவிட மனம் வரவில்லை. 1675இல் குடியேறிகளுக்கும் பழங்குடிகளுக்கும் நடந்த போரின்போது, கிறித்தவத்தைத் தழுவி அமைதியாக வாழ்ந்துவந்த பழங்குடிகள் சுமார் 500 பேரை இந்தத் தீவில் கொண்டுவந்து அடைத்தார்கள். உணவும் கூரையும் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் பாதிப் பேருக்கு மேல் மடிந்தார்கள். 1847க்குப் பிறகு பஞ்சத்திலிருந்து தப்பி வந்த அயர்லாந்துக்காரர்களுக்கான தனிமை மருத்துவமனை இங்கே இருந்தது. அதில் 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிறகு நீண்ட காலம் சிறைச்சாலை. 1991இல்தான் அது மூடப்பட்டது. நகரம் தனக்கு வேண்டாதவற்றைத் தள்ளிவிட்ட இடத்திலேயே சுத்திகரிப்பு நிலையமும் வந்தது.

ஒரு ஆளுக்கு 576 லிட்டர்

132.5 கோடி லிட்டரை 23 லட்சம் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 576 லிட்டர் வருகிறது. எந்த வீட்டிலும் ஒரு ஆள் இவ்வளவு தண்ணீர் செலவழிப்பதில்லை. மிச்சம் எங்கிருந்து வருகிறது? விரிசல் விழுந்த குழாய்களுக்குள் நிலத்தடி நீர் கசிகிறது. கூரை நீரும் தெரு நீரும் சாக்கடையோடு சேருகின்றன. டீர் தீவுக்கு வருவதில் ஏறக்குறைய பாதி இப்படி வரும் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரைப் பணம் செலவழித்துப் பம்பு செய்து, பணம் செலவழித்துச் சுத்திகரித்துக் கடலில் விடுகிறார்கள்.

மழை நாளில் இதன் பளு தெரியும். நிலையம் தாங்கக்கூடிய உச்ச வரத்து நாளொன்றுக்கு சுமார் 127 கோடி கேலன், 480 கோடி லிட்டர். சராசரியைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் வேண்டியிருக்கும் இந்தக் கொள்ளளவுக்காகவே தொட்டியும் பம்பும் இவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்கு ஊர்களின் கழிவை ஏற்றும் பிரதான நீரேற்று நிலையத்தில் மட்டும் 3,500 குதிரைத்திறன் கொண்ட பம்புகள் பத்து. பூமிக்கு அடியில் ஆழத்திலுள்ள சுரங்கங்களிலிருந்து கழிவை மேலே தூக்குவது இவைதான். தெற்கு ஊர்களின் கழிவு நட் தீவில் சல்லடை தாண்டி, துறைமுகத்தின் அடியில் 4.8 மைல் சுரங்கம் வழியாக 1998 முதல் இங்கே வருகிறது. அதோடு நட் தீவின் பழைய நிலையம் மூடப்பட்டது.

மேலே வந்த நீர் முதலில் மணல் பிரிக்கும் தொட்டிகளுக்கும், பிறகு முதல்நிலைப் படிவுத் தொட்டிகளுக்கும் போகிறது. அவை 48. தீவில் இடம் குறைவு என்பதால் தொட்டிகளை இரண்டடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். இங்கே மிதப்பதும் படிவதும் பிரிந்து, திடக்கழிவில் பாதிக்கு மேல் போய்விடும். கரைந்திருப்பதை எடுக்க நுண்ணுயிர்கள் வேண்டும். அவற்றுக்கு மூச்சு வேண்டும். சாதாரணக் காற்றுக்குப் பதில் இங்கே தூய ஆக்சிஜனையே ஊட்டுகிறார்கள். காற்றைக் கடுங்குளிரில் திரவமாக்கிப் பிரித்து, நாளொன்றுக்கு 130 முதல் 220 டன் வரை ஆக்சிஜனை நிலையமே தயாரித்துக்கொள்கிறது. தின்று பெருத்த நுண்ணுயிர்கள் இரண்டாம்நிலைத் தொட்டிகளில் அடியில் படியும். இதற்குள் 85 சதவீதத்துக்கும் மேல் மாசு நீங்கியிருக்கும். கடைசியில் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்து கிருமி நீக்கம். அந்தக் குளோரின் மீனுக்கு ஆகாது என்பதால் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து அதையும் முறித்துவிட்டே வெளியே விடுகிறார்கள்.

பாஸ்டன் விமான நிலையத்தில் இறங்குபவர்கள் வானத்திலிருந்தே பார்க்கும் 12 வெண்ணிற முட்டைகள்தான் கசடு செரிக்கும் கலன்கள். ஒவ்வொன்றும் சுமார் 130 அடி உயரம், 90 அடி விட்டம், 30 லட்சம் கேலன் கொள்ளளவு. பன்னிரண்டிலும் சேர்த்து 13 கோடி லிட்டருக்கு மேல் கசடு நிற்கும். முட்டை வடிவத்துக்குக் காரணம் அழகு இல்லை. தட்டையான அடியும் மூலையும் இருந்தால் மணல் அங்கே தேங்கி இறுகும். சில ஆண்டுக்கொருமுறை கலனை நிறுத்தி, ஆளை இறக்கி வழிக்க வேண்டும். முட்டையின் அடி குவிந்திருப்பதால் படிவது ஒரே புள்ளிக்கு வழுக்கி வருகிறது, கலக்குவதும் சுலபம். உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டில் இரண்டு மூன்று வாரம் கசடு உள்ளே கிடக்கும். காற்றில்லா நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் விடுகின்றன. அந்த வாயுதான் கொதிகலனை எரித்து நிலையத்தைச் சூடாக்குகிறது, நீராவிச் சுழலியில் மின்சாரமும் தருகிறது. இதனால் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி டாலர் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்பது ஆணையத்தின் கணக்கு. எண்ணெய் விலையோடு இது ஏறும், இறங்கும். தலா 600 கிலோவாட் காற்றாலைகள் இரண்டும், வெளியேறும் நீரின் வீழ்ச்சியில் ஓடும் ஒரு மெகாவாட் சுழலிகள் இரண்டும், சூரியத் தகடுகளும் உண்டு. எல்லாம் சேர்ந்து நிலையத்தின் மின்தேவையில் கால் பங்குக்கு மேல் தருகின்றன. மீதி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது.

15 கிலோமீட்டர் சுரங்கம்

சுத்தமான நீரையும் துறைமுகத்துக்குள்ளேயே விட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்காகக் கடலடிப் பாறையைக் குடைந்து 9.5 மைல், அதாவது 15.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். உள்விட்டம் 24 அடி. செலவு சுமார் 39 கோடி டாலர். கடைசி 2 கிலோமீட்டரில் 55 செங்குத்துக் குழாய்கள் கடல்தளத்துக்கு ஏறி, சிறு துளைகள் வழியாக 100 அடி ஆழத்தில் நீரைப் பரப்பிவிடுகின்றன. கடல்நீரோடு அது உடனே நூறு மடங்கை ஒட்டி நீர்த்துப்போகும். சுரங்கத்துக்குள் பம்பு கிடையாது. உயர வேறுபாடே தள்ளுகிறது. விட்டத்தையும் சராசரி வரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், டீர் தீவில் இறங்கும் நீர் மறுமுனையை அடையச் சுமார் 12 மணி நேரம் ஆகும்.

இந்தச் சுரங்கத்தின் கணக்கில் டாலரில் எழுத முடியாத ஒரு பதிவு இருக்கிறது. தோண்டும்போது கடல்நீர் உள்ளே வராமலிருக்க, 55 செங்குத்துக் குழாய்களின் அடியிலும் அடைப்பு போட்டிருந்தார்கள். எல்லா வேலையும் முடிந்தபின் அவற்றைக் கழற்ற வேண்டும். அதற்குள் விளக்கு, காற்றோட்டக் குழாய், ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிப்பாதை எல்லாவற்றையும் சுரங்கத்திலிருந்து அகற்றிவிட்டார்கள். முனையில் மனிதர் மூச்சுவிடப் போதிய ஆக்சிஜன் இல்லை. 1999 ஜூலையில் ஐந்து முக்குளிப்பவர்கள், பின்னுக்குப் பின் சேர்த்துக் கட்டிய இரண்டு ஹம்வி வண்டிகளில் உள்ளே போனார்கள். திரும்ப இடமில்லாத குழாயில் ஒன்று போவதற்கு, மற்றது வருவதற்கு. திரவ ஆக்சிஜனையும் திரவ நைட்ரஜனையும் கலந்து மூச்சுக்காற்று தரும் கருவி ஒன்றை நம்பிப் போனார்கள். அது கைவிட்டது. இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பின், கடலிலிருந்து ஒரு செங்குத்துக் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சி, சுரங்கம் முழுவதும் நல்ல காற்றை ஓடவிட்டு, மிச்ச அடைப்புகளை ஆபத்தில்லாமல் எடுத்தார்கள். அந்த வழியை முதலிலேயே எடுத்திருக்க முடியும். நேரமும் பணமும் மிச்சம் என்ற கணக்குதான் அந்த இரண்டு உயிரையும் வாங்கியது. சுரங்கம் 2000 செப்டம்பர் 6 அன்று திறந்தது.

கடல் சொல்வது

அடிமண்ணோடு ஒட்டிக் கிடக்கும் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன்தான் இங்கே நம்பகமான சாட்சி. மாசு படியும் இடத்திலேயே அது படுத்து, அங்கேயே தின்கிறது. 1980களில் துறைமுகத்தில் பிடித்த ஃப்ளவுண்டர்களில் முக்கால் பங்குக்கும் மேல் கல்லீரல் நோய்க் குறிகள் இருந்தன, பலவற்றில் புற்றுக்கட்டிகள். 2004க்குப் பிறகு ஆய்வுக்குப் பிடித்த மீன்களில் கட்டி காணப்படவில்லை. துறைமுக நீரில் அம்மோனியம் பெருமளவு குறைந்தது, கடற்புல் சில இடங்களில் திரும்பியது, சீல்களும் சிறு திமிங்கில இனமான போர்ப்பாய்ஸ்களும் உள்ளே வருகின்றன. தெற்கு பாஸ்டன் கடற்கரைகளில் குளிக்கலாம். அதற்குத் தனியாக இன்னொரு செலவும் ஆனது: 2011இல் திறந்த 17 அடி விட்டச் சுரங்கம் ஒன்று, மழைநாளில் கரையில் வழியும் கழிவைப் பிடித்துவைத்து, மழை விட்டபின் டீர் தீவுக்கு அனுப்புகிறது.

வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வரவுப் பக்கத்தையும் மதிப்பிட்டார்கள். துப்புரவுக்கான மொத்தச் செலவு சுமார் 470 கோடி டாலர். துறைமுகம் தரும் இயற்கைச் சேவைகளின் மூலதன மதிப்பு 3,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் வரை. மேல் வரம்பு கீழ் வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பதால் இதைத் துல்லியமான தொகையாக எடுத்துக்கொள்ள முடியாது. கீழ் வரம்பையே எடுத்தாலும் செலவைப் போல ஆறு மடங்கு.

தீராத இனங்கள்

பாஸ்டனின் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால் ஆற்றில் திறந்துகொள்ளும். 1980களின் இறுதியில் இப்படி வழிந்தது ஆண்டுக்கு 330 கோடி கேலன், சுமார் 1,250 கோடி லிட்டர். 35 திட்டங்கள், 91 கோடி டாலரை ஒட்டிய செலவு; 2015 டிசம்பருக்குள் முடித்து, வழிவதை 87 சதவீதம் குறைத்தார்கள். மிச்சம் 160 கோடி லிட்டர். அதில் பெரும்பகுதி சல்லடையும் குளோரினும் தாண்டியே போகிறது என்றாலும், சார்ல்ஸ், மிஸ்டிக் ஆறுகளின் கரையில் வாழ்பவர்கள் அதோடு நிற்க மறுக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மழை கூடிவருகிறது.

நைட்ரஜன் இரண்டாவது. இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆண்டுக்கு 12,000 டன்னை ஒட்டி அது சுரங்கம் முடியும் விரிகுடாவுக்குள் போகிறது. திமிங்கிலங்கள் வரும் கடல் அது என்பதால் விரிகுடாவின் தெற்கே உள்ள கேப் காட் தீபகற்பத்து மக்கள் சுரங்கத்தையே எதிர்த்தார்கள். உரிமத்தில் எச்சரிக்கை வரம்பு வைத்து, தொடர்ந்து கடலை அளந்து வருகிறார்கள். விளைவு வெளியேற்றுக் குழாய்களின் அண்டையோடு நிற்கிறது என்பதே இதுவரை கண்டது.

மூன்றாவது கசடு. செரித்த கசடு குழாய் வழியாக குவின்சியின் பழைய கப்பல் கட்டும் தளத்துக்குப் போய், அங்கே உலர்ந்து உர உருண்டைகளாகிறது. கடலில் கொட்டிய கசடு வயலுக்கு உரமாயிற்று என்று முப்பது ஆண்டுகளாக இதை வரவாகவே எழுதிவந்தார்கள். இப்போது அந்த உருண்டைகளில், ஒட்டாத சட்டி முதல் தீயணைப்பு நுரை வரை பயன்படும் பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்கள் பிரச்சினையாக வந்து நிற்கின்றன. வடக்கே உள்ள மேய்ன் மாநிலம், 2022இல் கசடை வயலில் இடுவதையே தடை செய்தது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் போனால், உருண்டைகளைப் புதைக்கவோ எரிக்கவோ பணம் வேண்டும். அந்தச் செலவு மறுபடியும் 43 ஊர்களின் கட்டணச் சீட்டில் ஏறக் கூடாது. அந்தப் பொருளை உருவாக்கியது வீட்டுக்காரர்கள் இல்லை. அதைத் தயாரித்து விற்றவர்களிடம்தான் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டும்.